கூட்டுக் கையொப்பதாரரா, உடன் கையொப்பமிட்டவரா?

அரைப்புள்ளி:
வணக்கம். ஓர் ஒப்பந்தத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று அமைப்புகள் சேர்ந்து ஓர் ஆய்வுத் திட்டம் நடத்தப்போகின்றன. ஒவ்வொன்றின் சார்பிலும் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். ஆங்கில மூலத்தில் அவர்களைப் பக்கத்துக்குப் பக்கம் ‘கோ-சிக்னேட்டரீஸ்’, அதாவது சேர்ந்து கையெழுத்திடுபவர்கள், என்று சொல்லியிருக்கிறார்கள். நான் ‘கூட்டுக் கையொப்பதாரர்கள்’ என்று போட்டேன். சரிபார்த்தவர் அதை ‘இணைக் கையொப்பதாரர்கள்’ ஆக்கினார். அவருக்கும் மேலே பார்த்தவர் ‘உடன் கையொப்பமிட்டவர்கள்’ என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். மூன்றுமே தப்பில்லை போலத்தான் தெரிகிறது. ஆனால் மூன்றும் ஒன்றுதானா?

இன்னொரு சிக்கல். ஓரிடத்தில் ஒருமையில் வருகிறது: ஒருவர் விலக நினைத்தால் “மற்ற கோ-சிக்னேட்டரி ஒவ்வொருவருக்கும்” எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுமாம். அங்கே ‘கூட்டு’ உட்காரவே மாட்டேன் என்கிறது.

ஞாயிறுவாசகன்:
அக்கா, ‘கையெழுத்துப் போட்டவர்கள்’ என்று எழுதினால் யாருக்குப் புரியாமல் போகும்? எதற்கு இந்தத் ‘தாரர்’ எல்லாம்?

அரைப்புள்ளி:
தம்பி, இன்னும் போடவில்லையே! இரண்டாம் பத்தியே கையெழுத்துப் போடும் அதிகாரம் யார் யாருக்கு என்றுதான் சொல்கிறது. அங்கே ‘போட்டவர்’ என்றால் சிரிப்பார்கள்.

முத்திரைத்தாள்:
அம்மா, நீங்கள் தம்பிக்குச் சொன்ன பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. ‘கையொப்பமிட்டவர்’ என்பதில் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, மை காய்ந்துவிட்டது. ‘கையொப்பமிடுபவர்’ என்றால் இனிமேல் போடப்போகிறவராகவும் இருக்கலாம், வழக்கமாகப் போடுகிறவராகவும் இருக்கலாம். ‘கையொப்பதாரர்’ என்பதில் காலமே கிடையாது. கடன்தாரர், மனுதாரர், பங்குதாரர் வரிசையில் வருவது அது. ‘தார்’ என்பது பாரசீகத்திலிருந்து வந்தது, வைத்திருப்பவர் என்று பொருள். கையெழுத்துப் போடும் உரிமையை வைத்திருக்கிறவர், அவ்வளவுதான். அவர் இன்னும் பேனாவைத் தொடாமல் இருந்தாலும் கையொப்பதாரர்தான்.

அதனால் அதிகாரம் பற்றிய பத்தியில் ‘கையொப்பதாரர்’, கடைசிப் பக்கத்தில் ‘கையொப்பமிட்டவர்’ என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஒரே ஆவணத்தில் ஒரே சொல்தான் வரவேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குவார்கள்.

முன்னொட்டுக்கு வருகிறேன். ‘இணை’ வேண்டாம். நம் காதில் அது பதவிப் படிநிலையாகத்தான் விழுகிறது. இணை இயக்குநர், இணைச் செயலாளர், இணைப் பேராசிரியர் என்று கேட்டுப் பழகிவிட்டோம். ‘இணைக் கையொப்பதாரர்’ என்றால் முதன்மைக் கையொப்பதாரர் என்று ஒருவர் தனியாக இருக்கிறார், இவர் அவருக்கு அடுத்தவர் என்று படும். உங்கள் மூன்று அமைப்புகளில் எது அதற்கு ஒத்துக்கொள்ளும்?

பற்றுவரவு:
நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். ‘கூட்டு’ பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை சொல்ல வேண்டும்.

கணக்கு இருவர் பெயரில் இருக்கிறது என்று வையுங்கள். ‘இருவரில் எவரேனும் ஒருவர்’ இயக்கலாம் என்றால் ஒரு கையெழுத்துப் போதும். ‘இருவரும் சேர்ந்து’ என்றால் ஒன்று குறைந்தாலும் காசோலை திரும்பிவிடும். இரண்டு வகையிலும் கணக்கு கூட்டுக் கணக்குதான். ஆனால் ‘கூட்டுக் கையொப்பம்’ என்று நாங்கள் சொல்வது இரண்டாவதற்கு மட்டும். அதாவது தனித்தனியாகச் செல்லாது, சேர்ந்தால்தான் செல்லும். உங்கள் ஆவணத்திலும் பொருள் அதுதானா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது இதைவிடப் பெரியது. கடன் பத்திரத்தில் இருவர் கையெழுத்துப் போட்டு, ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்று எழுதியிருந்தால், கடன் கொடுத்தவர் முழுத் தொகையையும் யாரோ ஒருவரிடமே கேட்கலாம். “பாதி என்னுடையது, மீதியை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்ல முடியாது. முதலில் கட்ட வேண்டும், அப்புறம் கூட்டாளியிடம் அவருடைய பங்கை வசூலித்துக்கொள்ள வேண்டும். பொறுப்பு என்று வரும் இடத்தில் ‘கூட்டு’ என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம் இருக்கிறது. அதைச் சும்மா ‘பலர்’ என்ற பொருளில் தூவக்கூடாது.

அமெரிக்காவில் ‘கோ-சைனர்’ என்று ஒருவர் உண்டு. கடன் பணத்தில் ஒரு காசுகூட அவர் கைக்கு வராது, ஆனாலும் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த நாட்டு வணிக ஆணைய விதிப்படி அவருக்குத் தனியாக ஓர் அறிவிப்புத் தாள் கொடுக்க வேண்டும். “இந்தக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும்படி உங்களைக் கேட்கிறார்கள்” என்று அது தொடங்கும். கடன் வாங்கியவரிடம் கேட்காமலேயே நேராக உங்களிடம் வசூலிக்கலாம் என்றும் அதில் இருக்கும். அவரை ‘கூட்டுக் கையொப்பதாரர்’ என்று தமிழில் எழுதுவது படிக்கிறவரை ஏமாற்றுவதற்குச் சமம். அவர் ஜாமீன்தாரர், பிணையாளர். சொல்லிலேயே ஆபத்து தெரிய வேண்டும்.

ஞாயிறுவாசகன்:
சார், அப்படியென்றால் நண்பனுக்காகச் சும்மா ஒரு கையெழுத்து என்று போடுவதெல்லாம்?

பற்றுவரவு:
‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று ஒன்று கிடையாது தம்பி.

கடலோடி:
நான் ஈழத்தவன். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் ‘ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது’, ‘கைச்சாத்திட்ட நாடுகள்’ என்றுதான் வரும். தமிழக வாசகருக்குக் கையொப்பம், எங்களுக்குக் கைச்சாத்து. வாசகர் யார் என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா.

பன்னாட்டு உடன்படிக்கைகளில் இந்தச் சொல்லுக்கு வேறொரு முகம் இருக்கிறது. அங்கே கையொப்பமிட்ட நாடு வேறு, தரப்பு நாடு வேறு. 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைச் சட்ட ஒப்பந்தத்தின்படி, ஓர் உடன்படிக்கைக்குக் கட்டுப்படச் சம்மதித்து, அது நடைமுறைக்கும் வந்திருந்தால்தான் அந்த நாடு ‘தரப்பு’. பெரும்பாலான பலதரப்பு உடன்படிக்கைகளில் கையொப்பம் முதல் படி மட்டுமே. அதன்பின் நாட்டில் ஏற்புறுதி, அதாவது கட்டுப்படுகிறோம் என்று முறைப்படி உறுதி செய்வது, நடக்க வேண்டும். ஆனால் வெறும் கையொப்பத்துக்கும் கொஞ்சம் பலன் உண்டு. உடன்படிக்கையின் நோக்கத்தையே குலைக்கும் காரியம் எதையும் இடைக்காலத்தில் செய்யக்கூடாது என்கிறது அதே வியன்னா ஒப்பந்தத்தின் 18ஆம் உறுப்பு. “நாங்கள் தரப்பாகப் போவதில்லை” என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் அதிலிருந்து விடுபடலாம்.

அணுச் சோதனைத் தடை உடன்படிக்கையைப் பாருங்கள். அமெரிக்காவும் சீனாவும் 1996இல் கையொப்பமிட்டன. இன்றுவரை இரண்டும் ஏற்புறுதி செய்யவில்லை. ரஷ்யா 2000இல் ஏற்புறுதி செய்துவிட்டு 2023இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் கையொப்பத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆக மூன்றும் ‘கையொப்பமிட்ட நாடுகள்’ என்ற ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. மாறாக, பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தில் நிகரகுவாவும் சிரியாவும் கையொப்பமே இடாமல் 2017இல் இணைந்தன. கையொப்பமிடாத தரப்புகள்! நம் செய்தி ஊடகங்கள் இந்த இரண்டு வகையையும் ‘ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன.

இந்த இடத்தில் ‘கூட்டு’ சுத்தமாகப் பொருந்தாது. 175 தரப்பினர் ஒரே நாளில் பாரிஸ் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள், 2016 ஏப்ரல் 22. ஒவ்வொருவரும் தனக்காகத்தான் போட்டார்கள். ஒருவர் கையொப்பத்தை இன்னொருவர் கையொப்பம் தாங்கிப் பிடிக்கவில்லை.

முத்திரைத்தாள்:
கடலோடி சொல்வது சரி. ஆனால் ‘கூட்டு’ எப்போதும் பொறுப்பைக் குறிக்கும் என்பதை நான் ஏற்கமாட்டேன். கூட்டறிக்கை என்கிறோம். அதில் யாருக்கு என்ன கடன் பொறுப்பு? சேர்ந்து சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பற்றுவரவு:
அறிக்கைக்குச் சரி. ஒப்பந்தத்துக்குச் சரியில்லை. அறிக்கையால் யாரும் வழக்குப் போட முடியாது என்ற தைரியத்தில்தான் அங்கே தாராளமாகப் பேசுகிறோம்.

வட்டெழுத்து:
தாமதமாக வருகிறேன். இந்தச் சிக்கல் நமக்குப் புதிதில்லை என்று சொல்லத்தான்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் சபையார் நிலம் விற்ற ஆவணங்களைப் படித்துப் பாருங்கள். முடிவில் “இவை இன்னான் எழுத்து”, “இவை இன்னான் எழுத்து” என்று பெயர்கள் வரிசையாக வரும். அது விற்றவர்களின் ஒப்பம். சாட்சியாக நின்றவர் அப்படிச் சொல்லமாட்டார். “இப்படி அறிவேன்” என்பார். நான் செய்தேன் என்பதற்கும் நடந்தது எனக்குத் தெரியும் என்பதற்கும் வாசகமே வேறு. யாரும் தலைப்புப் போட்டுப் பிரிக்கவில்லை, ஆனாலும் குழப்பம் வராது.

எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? தன் குறியை இடுவார். அதுதான் தற்குறி. பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒருவர், இந்தத் தற்குறி இன்னாருடையதுதான் என்று தன் எழுத்தால் உறுதி சொல்வார். அப்போது ஒரு பெயருக்கு இரண்டு பேர். ஒருவர் உடன்பட்டவர், மற்றவர் அவருடைய குறிக்குச் சான்று. இப்போது நாம் ‘சான்றொப்பம்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. (தற்குறி இன்றைக்கு வசைச்சொல்லாகிவிட்டது. ஒரு காலத்தில் அது நிலத்தையே கைமாற்றும் அளவுக்குச் செல்லுபடியான ஒப்பம்.)

ஆகவே, கீழே பெயர் இருக்கிறவர் எல்லாரையும் ஒரே சொல்லில் அள்ளிப் போடும் பழக்கம் நம்முடையதில்லை. எந்த நிலையில் நின்று எழுதினார் என்பதைத்தான் நம் ஆவணமொழி பார்க்கிறது.

முத்திரைத்தாள்:
அருமை ஐயா. பத்திரம் எழுதுகிற எங்கள் பழக்கமும் அதேதான். ‘எழுதிக் கொடுப்பவர்’, ‘எழுதி வாங்குபவர்’, ‘சாட்சிகள்’, ‘ஆவணம் தயாரித்தவர்’. நாலு பேர் சேர்ந்து விற்றால் “1 முதல் 4 வரை இலக்கமிட்ட நாங்கள் ஏகோபித்து எழுதிக் கொடுத்த” என்று போவோம். கையொப்பதாரர் என்ற சொல்லுக்கே தேவை வராது. ‘ஏகோபித்து’ என்ற ஒரு சொல்லிலேயே அந்தக் ‘கோ’ அடங்கிவிடுகிறது.

கடலோடி:
வட்டெழுத்து ஐயா சொன்னதற்கு நேரே பொருந்தும் ஒரு தாள் இருக்கிறது: 1787 செப்டம்பர் 17ஆம் தேதியிட்ட அமெரிக்க அரசியலமைப்பு. கையொப்பமிட்டவர்கள் 39 பேர் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். தாளில் எண்ணினால் 40 பெயர்கள் வரும். நாற்பதாவது பெயர் வில்லியம் ஜாக்சன், அந்த அரசியலமைப்பை வகுத்த மாநாட்டின் செயலாளர். இடது ஓரத்தில், சான்று என்ற சொல்லோடு போட்டிருக்கிறார். அவர் பேராளர் இல்லை, அதனால் கணக்கில் இல்லை.

அந்த 39இலும் ஒரு வேடிக்கை. ஜான் டிக்கின்சன் உடல்நலமில்லாமல் முன்பே ஊருக்குப் போய்விட்டார். போகும்போது கேட்டுக்கொண்டபடி ஜார்ஜ் ரீட் அவர் பெயரையும் போட்டார். ஆக, அறையில் இல்லாதவர் கையொப்பமிட்டவர், அறையில் இருந்து பேனாவால் எழுதிய செயலாளர் கையொப்பமிட்டவர் இல்லை. அன்று கடைசிவரை கூடவே உட்கார்ந்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டோம் என்று மறுத்தவர்கள் மூன்று பேர். அவர்களும் இல்லை.

ஞாயிறுவாசகன்:
இது நன்றாக இருக்கிறது! அப்போது திறந்த மடல்களில் பெயர் கொடுக்கிறார்களே, அவர்கள்?

கடலோடி:
அங்கே பொறுப்பு என்பதே கருத்துப் பொறுப்புதான். அணு ஆயுதப் போருக்கு எதிராக 1955இல் வந்த ரசல்–ஐன்ஸ்டைன் அறிக்கையில் 11 பேர் ஒப்பமிட்டார்கள். ஐன்ஸ்டைன் ஏப்ரலில் ஒப்பமிட்டு, சில நாளில் இறந்துபோனார். அறிக்கை வெளியானது ஜூலையில். ஒப்பந்தமாக இருந்தால் நடுவில் ஒருவர் இறந்தது பெரிய கேள்வியாகியிருக்கும். அறிக்கையில் அவர் பெயரே அதன் பலமாக நின்றது. இந்த மாதிரி இடத்தில் ‘உடன் ஒப்பமிட்டோர்’ என்பது அழகாக இருக்கும். ஒருவர் எழுதினார், மற்றவர்கள் அவரோடு நின்றார்கள் என்ற தொனி ‘உடனில்’ இருக்கிறது.

அரைப்புள்ளி:
எல்லாருக்கும் நன்றி. பற்றுவரவு சார் சொன்னதைப் பார்த்துவிட்டு மூலத்தின் பொறுப்புப் பத்தியைத் திரும்பவும் எடுத்தேன். அதில் தெளிவாக இருக்கிறது: ஒவ்வோர் அமைப்பும் தன் பங்கு வேலைக்கும் தன் பங்குச் செலவுக்கும் மட்டுமே பொறுப்பு, மற்றவர் தவறுக்குப் பொறுப்பில்லை. இப்படி ஒரு பத்தியை வைத்துக்கொண்டு மேலே கொட்டை எழுத்தில் ‘கூட்டுக் கையொப்பதாரர்கள்’ என்று போட்டால் நாளைக்கு யாராவது அதையே பிடித்துக்கொண்டு வாதாடலாம். அதனால் ‘கூட்டு’ போகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். மூலத்தில் அந்தச் சொல்லை இரண்டு பேருக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சில இடத்தில் அமைப்பையே குறிக்கிறது, சில இடத்தில் அமைப்பின் சார்பில் பேனா பிடிக்கிற ஆளை. விலகல் அறிவிப்பு ஆளுக்குப் போகக்கூடாது, அமைப்புக்குத்தான் போக வேண்டும். அந்த ஆள் அடுத்த மாதமே வேலை மாறிப் போய்விடலாம் இல்லையா?

பற்றுவரவு:
மிகச் சரி. ஒப்பந்தத்தில் கட்டுப்படுவது அமைப்பு, ஆள் இல்லை. நாங்கள் காசோலையில் ‘இன்ன நிறுவனத்துக்காக’ என்று முத்திரை குத்தி அதன் கீழே கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான். அந்த வரி இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால், போட்டவர் தலையிலேயே விடியும் அபாயம் உண்டு.

முத்திரைத்தாள்:
அப்படியானால் அமைப்புக்குத் ‘தரப்பு’, ஆளுக்குக் ‘கையொப்பதாரர்’. “மற்ற தரப்பினர் ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.” ஒருமைச் சிக்கலும் தீர்ந்தது, ‘கோ’வும் ‘மற்ற’ என்பதில் வந்துவிட்டது. ஒரு கையொப்பதாரர் இன்னொருவரைக் குறிப்பிட்டே ஆகவேண்டிய இடம் இருந்தால் ‘சக கையொப்பதாரர்’ என்று எழுதலாம். சக ஊழியர், சக பயணி மாதிரி சமநிலையைத்தான் காட்டும், பொறுப்பைக் கலக்காது.

வட்டெழுத்து:
‘சக’வுக்குப் பதில் ‘உடன்’ ஆகாதா? தமிழாகவும் இருக்கும்.

முத்திரைத்தாள்:
ஆகும் ஐயா, ஆனால் ‘உடன் கையொப்பதாரர்’ என்று எழுதினால் “உடனே கையொப்பமிடுபவர்” என்று படிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். படிவங்களில் ‘உடன் தொடர்பு கொள்க’ என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். இடைவெளி விடாமல் ‘உடன்கையொப்பதாரர்’ என்று சேர்த்து எழுதினால் ஓரளவு தப்பிக்கலாம்.

அரைப்புள்ளி:
சரி, இப்படி வைக்கிறேன். முகப்பில் “இவ்வொப்பந்தத்தின் தரப்பினர்”. இரண்டாம் பத்தியில் “தரப்பினர் ஒவ்வொருவர் சார்பிலும் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர், இனி கையொப்பதாரர்”. கடைசிப் பக்கத்தில் “மேற்கண்டவற்றை ஏற்று, தத்தம் அமைப்பின் சார்பில் கையொப்பமிட்டோர்”. அதற்குக் கீழே மூன்று பெயர்கள், அவர்களுக்கும் கீழே தனியாகச் சாட்சிகள்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மூன்று பெயரில் எதை முதலில் போடுவது? மூலத்தில் ஒரு வரிசை இருக்கிறது, ஆனால் ஓர் அமைப்பு இப்போதே முணுமுணுக்கிறது.

கடலோடி:
அது நாடுகளுக்குள்ளேயே பழைய சண்டை. ‘ஆல்டர்னா’ என்று ஒரு வழக்கம் வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள். தரப்புக்கு ஒரு படி என்று தயாரித்து, அவரவர் வைத்துக்கொள்ளும் படியில் அவரவர் பெயர் முதலில். உங்களுக்கு மூன்று மூலப் படிகள்தானே? அப்படியே செய்யச் சொல்லுங்கள்.

பற்றுவரவு:
செய்யலாம். ஆனால் மூன்று படிகளும் சமமாகச் செல்லுபடியானவை என்றும், பெயர்களின் வரிசைக்கு முன்னுரிமைப் பொருள் ஏதும் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அப்புறம் அச்சுக்குப் போகுமுன் மூன்று படிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரை இடம் மாற்றும்போது பதவிப் பெயர் பழைய இடத்திலேயே தங்கிவிடும்.